நூற்று இருபத்தாறு கதவுகள்

ஜனவரி 6

அண்ணா,

இரண்டரை வருடங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். அலுவலக விஷயமாகத்தான் எழுதுகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு எதையாவது எதிர்பார்த்துப் பிரித்திருந்தால் மன்னிக்கவும்.

நம் வரிசை வீடுகள் இருந்த இடத்தில் கட்டிடம் எழும்பிவிட்டது. ஐந்து மாடி, நூற்று இருபத்தாறு வீடுகள். ஐம்பத்து நான்கு விற்பனைக்கு, நாற்பது வாடகைக்கு. மிச்சம் முப்பத்திரண்டும் வரிசையில் குடியிருந்த முப்பத்திரண்டு குடும்பங்களுக்குத் திரும்பவும் ஒதுக்கப்பட்டவை. மூன்று வகையும் எல்லா மாடிகளிலும் கலந்தே இருக்கும். பிரதான வாசல் ஒன்றுதான், லிப்டும் மாடிப்படியும் எல்லாருக்கும் பொது.

திரும்பி வர ஒப்புக்கொள்ளும் படிவத்தை எல்லாரும் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டார்கள். பட்டியலில் உங்கள் பெயருக்கு எதிரே மட்டும் கட்டம் காலியாக இருக்கிறது. போன மாதம் அனுப்பியது தொலைந்திருக்கலாம் என்று இத்துடன் இன்னொரு பிரதி வைத்திருக்கிறேன். உங்களுக்கு மூன்றாம் மாடியில் எட்டாம் எண். பழைய வீட்டுக்கும் எட்டுதான், தற்செயல். நான் போட்டது இல்லை.

ஏப்ரல் 30க்குள் படிவம் வந்து சேராவிட்டால் வீடு காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். விதி அப்படி.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை


ஜனவரி 17

தங்கச்சிக்கு,

கவர் வந்தது. மேலே அலுவலக முத்திரை இருந்ததால், இந்த அறையையும் காலி செய்யச் சொல்கிறார்கள் போலிருக்கிறது என்று இரண்டு நாள் பிரிக்காமல் வைத்திருந்தேன்.

முதல் படிவம் தொலையவில்லை. இங்கே மேசைக்கு ஒரு கால் குட்டை. நாலாக மடித்து முட்டுக் கொடுத்திருக்கிறேன், மேசை ஆடுவது நின்றுவிட்டது. உங்கள் அலுவலகத்தால் எனக்குக் கிடைத்த முதல் உபகாரம் அதுதான். இரண்டாவது படிவத்துக்கு இன்னும் வேலை அமையவில்லை.

எனக்குக் கொடுத்திருக்கும் தற்காலிக அறை பஸ் டிப்போவின் பின்சுவரை ஒட்டி இருக்கிறது. "இந்தச் சத்தத்துல எப்படித் தூங்குறீங்க?" என்று வருகிறவர்கள் காகிதத்தில் எழுதிக் கேட்கிறார்கள். முப்பத்தாறு வருடம் அச்சு மெஷின் பக்கத்தில் நின்று செவிடானவனிடம் இதைக் கேட்கலாமா? விடியும்போது முதல் வண்டி கிளம்பும். அது கட்டில் கால் வழியாக ஏறி முதுகில் தெரியும். ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று அப்போது தெரிந்துகொள்வேன். மற்றபடி நாள் முழுக்க ஒன்றும் தெரியாது. உன் அண்ணி இருந்தவரை என் உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டுவாள். அவள் போன பிறகு வரிசையில் ஆளாளுக்கு வந்து கதவைத் தள்ளித் தலையை நீட்டிவிட்டுப் போவார்கள். இங்கே கதவுகள் தானாகச் சாத்திக்கொள்கின்றன.

சரி, நீ அலுவலக விஷயம் எழுதிவிட்டாய். நான் வீட்டு விஷயம் எழுதுகிறேன்.

அன்று காலை பால் வாங்கக் கதவைத் திறந்தேன். கதவில் நோட்டீஸ். பசைகூடக் காயவில்லை. மட்டமான அச்சு, அதை முதலில் பார்த்தேன், தொழில் புத்தி. பிறகுதான் படித்தேன்: வரிசையை இடிக்கப்போகிறார்கள், காலி செய்ய வேண்டும். அதற்குள் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா வந்து நின்று, "ஒங்க தங்கச்சிதானாமே பிளான் போட்டது, ஒரு வருஷமா?" என்றாள். உதடு படிக்கக் கற்றுக்கொண்டதற்கு வாழ்க்கையில் அன்று ஒருநாள்தான் வருத்தப்பட்டேன்.

அந்த ஒரு வருடமும் நீ ஞாயிறு தவறாமல் வந்தாய். கதவைத் தட்டினால் எனக்குக் கேட்காது என்று கதவுக்கு அடியில் சீட்டைத் தள்ளுவாய். "நான்தான்" என்று எழுதியிருக்கும். என் நாற்காலி கதவைப் பார்த்துத்தான் கிடக்கும், வெள்ளையாக ஏதோ தரையில் நகர்வது தெரிந்ததும் எழுந்து வந்து திறப்பேன். ஐம்பத்திரண்டு ஞாயிறு, ஐம்பத்திரண்டு சீட்டு. அதில் ஒன்றிலாவது இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்து எழுதியிருக்கலாம்.

அண்ணன்


ஜனவரி 29

அண்ணா,

எழுதியிருக்கலாம். நீங்கள் சொல்வது சரி.

அறிவிப்பு வரும்வரை வெளியே பேசுவதில்லை என்று திட்டத்தில் வேலை பார்த்த எல்லாரும் கையெழுத்துப் போட்டிருந்தோம். அதை நான் உங்களிடம் காரணமாகச் சொன்னதில்லை, இப்போதும் சொல்லப்போவதில்லை. கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் அன்று மாலையே வீட்டில் சொல்லியிருப்பார்கள். எனக்கு ஒரு ஞாயிறு "அடுத்த ஞாயிறு சொல்லலாம்" என்று தோன்றியது. பிறகு, இவ்வளவு நாள் சொல்லாததை எப்படிச் சொல்வது என்று தோன்றியது. அவ்வளவுதான் நடந்தது. இதற்கு மேல் எழுதினால் நியாயப்படுத்துவதாகிவிடும்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் என்னைப் பற்றி எழுதுகிறேன். ஏழாம் மாடியில் வாடகை வீடு. எதிர் வீட்டுக்காரரை எனக்குக் குடையாகத்தான் தெரியும். மழை பெய்தால் அவர் வாசலில் பச்சைக் குடை விரிந்திருக்கும், காய்ந்ததும் உள்ளே போய்விடும். மூன்று வருடமாக இவ்வளவுதான் பழக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் அலுவலகம் போய்விடுகிறேன். காவலாளி, "என்ன மேடம், இன்னைக்குமா?" என்று கேட்பார். அன்று முழுக்க நான் பேசுவது அவரோடு மட்டும்.

புதுக் கட்டிடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பலவகைக் குடித்தனங்களைக் கலப்பது என்று மேடையில் பேசுகிறவர்களை நான் அதிகம் நம்புவதில்லை. படம் போட்டுக் காட்டும்போது மரத்தடியில் எல்லாரும் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். குடிவந்த பிறகு யார் விலைக்கு வாங்கியது, யாருக்கு ஒதுக்கியது என்று ஒரே வாரத்தில் ஊருக்குத் தெரிந்துவிடும். ஆனால் கட்டிடமே காட்டிக்கொடுக்கக் கூடாது. அதை மட்டும் என்னால் செய்ய முடியும் என்று நினைத்தேன். எல்லா வீட்டுக்கும் ஒரே ஜன்னல், ஒரே கைப்பிடி, ஒரே தரை. வரைபடத்தில் எது எந்த வகை என்று எங்களுக்குத் தெரிய வாசல் கதவை மட்டும் நிறமிட்டிருந்தேன். விற்பனைக்கு மஞ்சள், வாடகைக்கு நீலம், ஒதுக்கீட்டுக்குப் பழுப்பு. சைட்டுக்குப் போன பிரதிகளில் எந்த நிறம் எது என்னும் குறிப்பை நானே அழித்துவிட்டேன். அங்கே வேலை செய்கிறவர்களுக்கும் தெரிய வேண்டாம் என்றுதான். தெரிந்தால் பழுப்பு வீட்டுக் குழாயைச் சரியாக முடுக்காமல் விட்டுவிடுவார்கள், அனுபவத்தில் பார்த்திருக்கிறேன்.

மேசைக்கு அடியில் உள்ளது போகட்டும். இரண்டாவது படிவத்தை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்.

தங்கை


பிப்ரவரி 12

தங்கச்சிக்கு,

எழுதியிருக்கலாம் என்று ஒத்துக்கொண்டாயே, அந்த ஒரு வரிக்காக உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உனக்கு அது வாயில் வருவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டு, உடைந்ததையும் சேர்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தவள் நீ.

தையல்காரம்மா நேற்று வந்திருந்தாள். அவளுக்கும் இதே ஊரில்தான் அறை கொடுத்திருக்கிறார்கள், நாலு தெரு தள்ளி. வந்ததும் வாயைப் பெரிது பெரிதாக அசைத்து, "கையெழுத்துப் போட்டாச்சா இல்லியா?" என்றாள். இன்னும் இல்லை என்றேன். "ரோஷத்த வச்சு ஜன்னலுக்குத் திரை தைக்க முடியாது, பாத்துக்கோங்க" என்றாள். அவளுக்கு ஐந்தாம் மாடியாம். ஐந்தாம் மாடியிலிருந்து பார்த்தால் யார் தலையில் வழுக்கை என்று எண்ணிக்கொண்டே தைக்கலாமாம்.

எனக்குச் சில விவரம் வேண்டும். ஜன்னல் எந்தப் பக்கம்? காலை வெயில் உள்ளே வருமா? ஏழாம் எண்ணில் யார், ஒன்பதாம் எண்ணில் யார்? பெயர் வேண்டாம், சொந்தமா வாடகையா என்றும் வேண்டாம், நீதான் சொல்ல மாட்டாயே. குழந்தை உள்ள வீடா? குழந்தைகள் ஓடினால் தரை வழியாகத் தெரியும்.

இன்னும் கையெழுத்துப் போடவில்லை. பேனா தேடிக்கொண்டிருக்கிறேன் என்று வைத்துக்கொள்.

அண்ணன்


மார்ச் 3

அண்ணா,

ஜன்னல் கிழக்கில். வெயில் வரும். ஏழாம் எண்ணில் இரண்டு குழந்தைகள் என்று விண்ணப்பத்தில் இருக்கிறது.

இந்தக் கடிதத்தை மூன்று நாட்களாக எழுதுகிறேன். நடந்ததை வேறு யார் மூலமாகவும் நீங்கள் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதால் எழுதுகிறேன். இன்னும் யாருக்கும் தெரியாது. நான் எழுதாவிட்டால் சாவி வாங்க வரும் அன்றுதான் பார்ப்பீர்கள்.

ஆறு வாரம் என்னை வேறொரு வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். சனிக்கிழமைதான் சைட்டுக்குத் திரும்பினேன். மூன்றாம் மாடியில் லிப்ட் திறந்தது. நடையின் இரண்டு பக்கமும் கதவுகளுக்குப் பெயிண்ட் அடித்து முடித்திருந்தார்கள். மஞ்சள், மஞ்சள், நீலம், பழுப்பு, மஞ்சள், நீலம், பழுப்பு. எட்டாம் எண் பழுப்பு.

ஐந்து மாடியும் ஏறி இறங்கிப் பார்த்தேன். ஒரு கதவு தப்பவில்லை. பெயிண்டர்களின் மேஸ்திரி என் பின்னாலேயே வந்தார். பாராட்டுக்குக் காத்திருக்கும் முகம்.

"வரைபடத்துல இருந்தபடியே அடிச்சிருக்கோம் மேடம். நூத்தி இருபத்தாறுல ஒண்ணுகூட மாறல. ரெண்டு தடவ சரி பாத்தேன்."

"இந்த நிறம் பெயிண்ட்டுக்குன்னு யார் சொன்னது?"

"கதவுக்குக் கலர் குடுத்திருந்தீங்க. ஏன் எதுக்குன்னு ஒரு குறிப்பும் இல்ல. அப்ப வேற எதுக்கு இருக்கும்?"

"கேட்டிருக்கலாமே."

"சந்தேகம் வந்தாத்தானே மேடம் கேக்கறது."

அவர் மேல் தப்பில்லை. யாரும் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று நான் ஒரு வரியை அழித்தேன். அதனால் இப்போது எழுதப்படிக்கத் தெரியாதவருக்கும் எந்த வீடு எப்படிப்பட்டது என்று தெரியும். விற்பனைப் பிரிவிலிருந்து வந்த ஆள் படம் எடுத்துக்கொண்டு போனார். "மஞ்சக் கதவு எடுப்பா இருக்கு, வாங்கறவங்களுக்குப் பிடிக்கும்" என்றார். அவருக்கு இரண்டே நிமிடத்தில் கணக்குப் புரிந்துவிட்டது.

திட்ட மேலாளரிடம் சொன்னேன். கதவு வேலை முடிந்ததாகக் கையெழுத்தாகிவிட்டது, புதிதாக ஒரு டின் பெயிண்ட்டுக்குக்கூட வழியில்லை, நிறத்தில் என்ன இருக்கிறது என்றார். ஏப்ரல் கடைசியில் சாவி கொடுக்கத் தொடங்குகிறார்கள்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு நீங்கள் கையெழுத்துப் போட வேண்டாம் என்று முடிவு செய்தால் எனக்குப் புரியும். மறைத்துக் கையெழுத்து வாங்குவதைவிட அது பரவாயில்லை.

தங்கை


மார்ச் 20

அண்ணா,

பதில் இல்லை. கடிதம் கிடைத்ததா என்று மட்டும் எழுதுங்கள். கோபம் என்றால் அதையும் எழுதலாம். மேசைக்கு இன்னொரு காலும் குட்டையாகிவிட்டதென்றால் அதையாவது எழுதுங்கள்.

தங்கை


மார்ச் 24

தங்கச்சிக்கு,

கிடைத்தது. முதல் வாரம் கோபம். இரண்டாம் வாரமும் கோபம்தான், ஆனால் யார் மேல் என்று தெரியாமல் போய்விட்டது. அழகாகக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறாய், டம்ளர் உடைந்து கிடக்கிறது. ஆனாலும் இந்தத் தடவை நோட்டீஸ் ஒட்டுவதற்கு முன்னால் எனக்குச் சொல்லிவிட்டாய். அதையும் நான் பார்க்காமல் இல்லை.

மூன்றாம் வாரம் வேறு யோசனை வந்தது. கீழே கேட்பதற்கு உடனே பதில் போடு.

மூன்று பெயிண்ட்டும் ஒரே கம்பெனியா? மூன்றும் எண்ணெய்ப் பெயிண்ட்டா, இல்லை ஒன்றாவது தண்ணீரில் கரைவதா? எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்தால் தயிராகத் திரிந்துவிடும், அப்போது இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. பிரிக்காத டின் எத்தனை, பிரித்ததில் எவ்வளவு மிச்சம்?

எங்கள் அச்சகத்தில் வேலை முடிந்ததும் ஒவ்வொரு மெஷினிலும் மிஞ்சிய மையை வழித்து ஒரு பழைய டின்னில் போடுவோம். சிவப்பு, நீலம், மஞ்சள், எது மிஞ்சினாலும் அதில்தான். மாதக் கடைசியில் அதைக் கிண்டினால் எப்போதும் ஒரே மாதிரி ஒரு நிறம் வரும். அதற்குப் பெயர் கிடையாது, "டின் கலர்" என்போம். ரசீதுப் புத்தகம், கைநோட்டீஸ் எல்லாம் அதில்தான் அடிப்போம். நம் கதவில் ஒட்டிய நோட்டீஸும் ஏதோ ஒரு அச்சகத்தின் டின் கலர்தான், பார்த்ததும் தெரிந்தது. யாரும் அந்த நிறத்தை விரும்பிக் கேட்டதில்லை. யாரும் வேண்டாம் என்று சொன்னதும் இல்லை.

புதுப் பெயிண்ட்தானே வாங்க முடியாது. இருப்பதைக் கலக்கலாம் அல்லவா?

ஒன்று முக்கியம். டின் டின்னாகக் கலக்கவே கூடாது. பெரிய டிரம் ஒன்று பிடித்து எல்லாவற்றையும் அதில் ஒரே தடவையாகக் கொட்டிக் கலக்க வேண்டும். தனித்தனியாகக் கலந்தால் மாடிக்கு மாடி கொஞ்சம் மாறும். மாறினால் அதற்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

உன் மேஸ்திரி சொன்னதைச் செய்கிற ஆள் என்று தெரிகிறது. அதனால் இந்தத் தடவை எல்லாவற்றையும் எழுதிக் கொடு.

அண்ணன்


ஏப்ரல் 5

அண்ணா,

மூன்றும் ஒரே கம்பெனி, எண்ணெய்ப் பெயிண்ட். மஞ்சள் முப்பத்தெட்டு லிட்டர், நீலம் இருபத்து நாலு, பழுப்பு பதினைந்து. கதவுகளின் வெளிப்பக்கத்துக்கு இரண்டு கோட் அடிக்கத் தாராளமாகப் போதும்.

கூட்டத்தில் பேசினேன். நான் கூட்டங்களில் பேசுகிறவள் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். கேட்டால் மட்டும் சொல்வேன், அதுவும் குறிப்பைப் பார்த்து. அன்று குறிப்பு எதுவும் கையில் இல்லை. வரைபடத்தில் குறிப்பை அழித்தது நான்தான் என்று முதலில் சொன்னேன். அது தேவையே இல்லை, பழி மேஸ்திரியோடு போயிருக்கும். சொன்ன பிறகு பேசுவது சுலபமாகிவிட்டது. விற்பனைப் பிரிவுக்காரர், மஞ்சள் கதவைப் படத்தில் பார்த்து வாங்கியவர்கள் கேட்டால் என்ன சொல்வது என்றார். படம் எடுத்தே ஐந்து வாரம்தான் ஆகிறது, அதற்குள் எத்தனை பேர் கதவைப் பார்த்து வாங்கினார்கள் என்று கேட்டேன். அவர் எண்ணிக்கை கொண்டுவரவில்லை. கடைசியில் மேலாளர், "மிச்ச பெயிண்ட்ல பண்ணிக்கறதா இருந்தா பண்ணிக்குங்க மேடம். பதினெட்டாம் தேதிக்குள்ள முடிக்கணும். அசிங்கமா வந்தா நீங்கதான் பதில் சொல்லணும்" என்றார்.

வேலை முடிந்ததும் மேஸ்திரியிடம் விஷயத்தைச் சொன்னேன். எந்த நிறம் எந்த வீடு என்பதையும் சொன்னேன். "எங்க வீடு இதுல இருந்திருந்தா பழுப்புதான் மேடம்" என்றார்.

அளவு பார்த்துச் சின்னக் கிண்ணத்தில் கலந்து அட்டையில் தடவி இத்துடன் வைத்திருக்கிறேன். எனக்கு இது பாசி பிடித்த தொட்டி மாதிரி இருக்கிறது. பழுப்பைக் கூட்டுவதா, நீலத்தைக் குறைப்பதா என்று எழுதுங்கள். பதின்மூன்றாம் தேதியிலிருந்து பதினேழு வரை வேறொரு ஊரில் வேலை இருக்கிறது, தவிர்க்க முடியவில்லை. பெயிண்டர்கள் அதற்குள் அடித்தாக வேண்டும். அதனால் உங்கள் பதில் பன்னிரண்டுக்குள் வந்தால் நல்லது.

கதவு ஒரே மாதிரி ஆனாலும் தெரிந்துகொள்ள நினைப்பவர்கள் தெரிந்துகொள்வார்கள். வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்துச் சொல்வார்கள். எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

படிவத்தைப் பற்றிக் கேட்கவில்லை. தேதி உங்களுக்குத் தெரியும்.

தங்கை


ஏப்ரல் 16
(மேஸ்திரி கையில் கொடுத்தது)

தங்கச்சிக்கு,

நீ ஊரில் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் வந்தேன். நீ எனக்கு ஒரு வருடம் சொல்லவில்லை, நான் உனக்கு மூன்று நாள் சொல்லவில்லை. இதோடு அந்தக் கணக்கு முடிந்தது.

அட்டையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, நிறத்தைக் கடிதத்தில் திருத்த முடியாது. ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு. பக்கத்தில் நின்றுதான் பார்க்க வேண்டும். பஸ் ஏறிவிட்டேன்.

மேஸ்திரி நல்ல மனிதர். என்னிடம் ஐந்து நிமிடம் ஏதோ கத்தினார். பிறகு பென்சிலை எடுத்துச் சுவரில், "நீங்க யாரு?" என்று எழுதினார். கீழே நான், "மூன்றாம் மாடி, எட்டாம் எண்" என்று எழுதினேன். உடனே, "பழுப்பா?" என்று எழுதினார். இப்போது யாரும் பழுப்பு இல்லை, டிரம்மைக் கொண்டுவாருங்கள் என்றேன். மூன்று நாளும் அந்தச் சுவரில்தான் பேசினோம். அவர் மகள் படிப்பு, என் மெஷின், உன் மேல் எனக்கிருந்த கோபம் எல்லாம் அங்கே இருக்கிறது. சுவருக்கு வெள்ளை அடிப்பதற்குள் வந்து படித்துக்கொள். உன்னைப் பற்றி எழுதியது ஜன்னல் பக்கம், இடுப்பு உயரத்தில்.

பழுப்பு முழுவதையும் ஊற்றினோம், மஞ்சள் முழுவதையும் ஊற்றினோம், நீலத்தில் எட்டு லிட்டரை நிறுத்திவிட்டோம். பாசி போய்விட்டது. மழையில் நனைந்த மரக்கட்டை மாதிரி ஒரு நிறம். விற்பனைக்காரர் வந்து பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், நான் கையைக் காதில் வைத்துக் காட்டினேன், போய்விட்டார். செவிடாக இருப்பதிலும் சில வசதி உண்டு.

முதல் கோட் அடித்து முடித்த அன்று ஒவ்வொரு மாடியாக நடந்து பார்த்தேன். எது யாருடையது என்று எனக்கே தெரியவில்லை. என் கதவைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்து எண்ணைப் பார்த்தேன். செருப்பைப் பார்த்துச் சொல்வார்கள் என்கிறாய். சொல்லட்டும். கதவு சொல்ல வேண்டாம்.

வீட்டுக்குள்ளும் போனேன். காலையில் வெயில் வந்தது, சமையல் மேடை வரைக்கும். தரையில் உட்கார்ந்திருந்தேன். வெறும் வீடு. நான் பேசினால் எனக்கே கேட்காது, அதனால் எதிரொலிக்கிறதா என்று தெரியவில்லை. பயமாக இருந்தது, மறைப்பானேன். வரிசையில் உன் அண்ணி எந்த இடத்தில் நிற்பாள் என்று சுவருக்குத் தெரியும். இந்தச் சுவர்களுக்கு ஒன்றும் தெரியாது. கையெழுத்துப் போடாமலேயே பஸ் ஏறிவிடலாம் என்று எழுந்து வாசல்வரை வந்தேன்.

அப்போதுதான் கதவின் அடியைப் பார்த்தேன். தரையோடு தரையாக ரப்பர் பட்டை போட்டிருக்கிறாய். புகை வராமல், குளிர் வராமல், நன்றாகத்தான் யோசித்திருக்கிறாய். ஆனால் காகிதம் நுழையாது. மேஸ்திரியிடம் கத்தி வாங்கி, கைப்பிடி இருக்கும் பக்க மூலையில் மூன்று விரல் அகலத்துக்கு அறுத்து எடுத்துவிட்டேன். வரைபடத்தில் இல்லாத வேலைதான். குறிப்பு இல்லாமல் செய்யக் கூடாது என்பதால் இங்கே எழுதிவிட்டேன்.

படிவம் இத்துடன் இருக்கிறது. மடிப்புத் தடம் இருக்கும், மேசைக்கு அடியில் இருந்த பிரதி அது. இரண்டாவதை அங்கே வைத்துவிட்டு இதை எடுத்து வந்தேன்.

சாமான் அதிகம் இல்லை, முதல் வாரத்திலேயே வந்துவிடுவேன். தூக்கிவிட ஆள் இருக்கிறது, உதவி என்று சொல்லிக்கொண்டு வராதே. எல்லாம் எடுத்து வைத்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை வா.

நாற்காலி எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கும் என்று உனக்குத் தெரியும்.

அண்ணன்


மே 7, ஞாயிறு
(தபால்தலை இல்லை)

நான்தான்.

அந்த ஐம்பத்திரண்டில் ஒரு ஞாயிறு, இந்தச் சீட்டில் இதற்குக் கீழேயும் எழுத நினைத்துத் திரும்பவும் பையில் போட்டுக்கொண்டு வேறு சீட்டைத் தள்ளினேன். அதே சீட்டு இது. உள்ளே வந்து மிச்சத்தைச் சொல்கிறேன்.